டிஜிட்டல் வானொலி வருகிறது, பழைய ரேடியோவை என்ன செய்ய?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் இயற்பியல் துறைப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 1975-இல் இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போனவன். பி.எஸ்சி. இயற்பியல். எங்கள் செட்டில் பேங்க் ஆபீசர் ஆனவர்கள் உண்டு, தலைமையாசிரியர் ஆனவர்கள் உண்டு, ரெயில்வேயில் பெரிய பதவிக்குப் போனவர்களும் உண்டு. நான் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தேன். "டிகிரி வாங்கினது ஈயம் உருக்கத்தானாடா?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் 1978-இல் கடற்கரை ஊர் ஒன்றில் நான் திறந்த அந்தக் கடைதான் என் இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தது, என் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அதனால் ரேடியோவைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

செயலாளர் போன் பண்ணி, "அண்ணே, டிஜிட்டல் வானொலியின் நன்மைகள்னு ஒரு அரை மணி நேரம் பேசுங்க" என்றார். "நன்மையைச் சொல்லக் கம்பெனிக்காரன் இருக்கான், நான் தொல்லையைச் சொல்றேன்" என்றேன். அவரும் சரி என்றுவிட்டார். பாவம், வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

முதலில் மாணவர்களுக்காக ஒரு சின்னப் பாடம். அனலாக் ரேடியோ என்றால் என்ன? நாங்கள் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நம் ஆய்வகத்தில் ஒரு கிரிஸ்டல் செட் செய்தோம். அட்டைக் குழாய் ஒன்றில் எனாமல் கம்பியைச் சுற்றிக் காயில். ஒரு கேங் கண்டென்சர். ஓ.ஏ.79 டயோடு ஒன்று. காதில் மாட்ட 2000 ஓம் ஹெட்போன். மாடியிலிருந்து ஒரு கம்பியை ஏரியலாக இழுத்து, தண்ணீர்க் குழாயில் எர்த் கொடுத்தோம். அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, கரண்டு கிடையாது. ஒலிபரப்பி அனுப்பும் அலையிலேயே ஹெட்போனைப் பேசவைக்கும் சக்தி இருக்கிறது. அதில் செய்தி வாசிப்பவரின் குரல் காதில் விழுந்தபோது எனக்கு முதுகு சிலிர்த்தது. எங்கள் பேராசிரியர், "குரலோட ஏற்ற இறக்கந்தான் அப்படியே அலையோட ஏற்ற இறக்கமா வருது. டயோடு அதைப் பாதியா வெட்டுது, மிச்சத்தை உன் காதே பார்த்துக்குது" என்று சொல்லிக்கொடுத்தார். ஐம்பது வருஷமாக நான் பிழைத்தது அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான்.

டிஜிட்டலில் இந்த நேரடிச் சங்கதி இல்லை. குரலை எண்ணாக மாற்றுகிறார்கள். எண்ணைச் சுருக்குகிறார்கள். பிழை திருத்தத்துக்கு மேலும் சில எண்களைச் சேர்க்கிறார்கள். அதையெல்லாம் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன துணை அலைகளில் பிரித்து ஏற்றி அனுப்புகிறார்கள். இந்தப் பக்கம் உங்கள் செட்டில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பக் கோத்தால்தான் குரல் வரும். அந்தக் கிரிஸ்டல் செட்டை டிஜிட்டல் ஒலிபரப்புக்கு முன்னால் வைத்தால் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போட்ட மாதிரி ஒரு இரைச்சல் கேட்கும், அவ்வளவுதான். கிரிஸ்டல் செட் மட்டும் இல்லீங்க, நம் தாத்தாவின் வால்வு செட், அப்பாவின் டிரான்சிஸ்டர், டீக்கடைத் தட்டில் இருக்கும் டூ-இன்-ஒன் எல்லாவற்றுக்கும் அதே கதிதான்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். டிஜிட்டலில் ஒலி நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே அலைவரிசையில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை அனுப்பலாம். ஒலிபரப்பிக்கு மின்சாரம் குறைவாகப் போதும். மீடியம் வேவில் எஃப்.எம். மாதிரித் தெளிவு கிடைக்கும் என்கிறார்கள். சிக்னல் நன்றாகக் கிடைக்கிற இடத்தில் அது உண்மைதான், நானே கேட்டிருக்கிறேன்.

சிக்னல் குறைகிற இடத்தில்தான் வம்பு. பழைய செட்டில் சிக்னல் குறையக் குறைய இரைச்சல் கூடும், குரல் அமுங்கும், ஆனால் விஷயம் புரியும். நாமெல்லாம் இலங்கை வானொலியை எப்படிக் கேட்டோம்? அலை மாதிரி ஏறும், இறங்கும், நடுவில் வேறு ஸ்டேஷன் வந்து மூக்கை நுழைக்கும். அப்படியும் ஒரு பாட்டு விடாமல் கேட்டோமா இல்லையா? மனுஷக் காது அப்படிப்பட்டது, பாதி கேட்டால் மீதியை நிரப்பிக்கொள்ளும். டிஜிட்டல் செட்டுக்கு அந்தக் கருணை கிடையாது. ஒரு எல்லை வரைக்கும் அருமையாகப் பேசும். அதற்கு ஒரு இம்மி கீழே போனால் விக்கல் எடுக்கும், அப்புறம் சுத்தமாக வாயை மூடிக்கொள்ளும். இதைப் பாறை விளிம்பு என்கிறார்கள் பொறியாளர்கள். மேலே நிற்கிற வரை சமவெளி, அடுத்த அடி பள்ளம்.

நான் ஒரு டிஜிட்டல் செட் வாங்கிக் கடையில் வைத்துப் பார்த்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். சாதாரண பாக்கெட் ரேடியோவைப் போலப் பல மடங்கு விலை. ஜன்னலோரம் வைத்தால் பாடும், மேஜைக்கு நகர்த்தினால் ஊமை. எதிர்க்கடைக்காரர் எல்.இ.டி. விளக்கைப் போட்டதும் ஊமை. பழைய செட்டாக இருந்தால் 'கொர்' என்று ஒரு சத்தம் வந்து, "ஏதோ கோளாறு, செட்டைத் திருப்பி வை" என்று நமக்குச் சொல்லும். இது ஒன்றுமே சொல்லாது. ஸ்டேஷன் நின்றுபோச்சா, பேட்டரி போச்சா, செட் போச்சா என்று தெரியாமல் வாடிக்கையாளர் நேராக என் கடைக்கு வருவார். எனக்கு வியாபாரந்தான், ஆனால் அவருக்கு என்ன பதில் சொல்வது?

அந்த செட்டை வீட்டுக்கு எடுத்துப்போனேன். என் அம்மாவுக்கு 92 வயது. கண்ணில் நீர் அழுத்தம் வந்து பார்வை போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. சமையலறை அலமாரியில் ஒரு பழைய மீடியம் வேவ் டிரான்சிஸ்டர் இருக்கிறது. அதன் டியூனிங் குமிழின் மேல் நான் ஒரு கடுகைப் பசை வைத்து ஒட்டிக் கொடுத்தேன். கடுகு நேர் மேலே வந்தால் நம் ஊருக்குக் கிடைக்கிற ஸ்டேஷன். விரலால் தடவிப் பார்த்துத் திருப்புவாங்க. விடிகாலை பக்திப் பாட்டு, பிறகு மாநிலச் செய்தி, மத்தியானம் விவசாய நிகழ்ச்சி. எங்களுக்கு வயலே கிடையாது. ஆனாலும் நெல்லுக்கு எப்போது மேலுரம் போட வேண்டும் என்பது அம்மாவுக்கு அத்துப்படி.

புது செட்டில் குமிழ் இருந்தது. ஆனால் அதைத் திருப்பினால் ஸ்டேஷன் மாறாது, சின்னக் கண்ணாடித் திரையில் பட்டியல்தான் நகரும். பட்டியலில் வேண்டியதைப் பார்த்து அமுக்க வேண்டும். அமுக்கினால் உடனே பேசாது. தேடும், காத்திருக்கும், சில விநாடி கழித்துத்தான் குரல் வரும். அம்மா இரண்டு முறை அமுக்கிவிட்டுக் கேட்டாங்க: "தம்பி, இது பேசுமா, யோசிச்சிட்டே இருக்குமா?"

அந்த யோசிக்கிற நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேப்பாக்கம் மைதானத்துக்கு டிரான்சிஸ்டரோடு போனவர்கள் இங்கே பல பேர் இருப்பீர்கள். மட்டையில் பந்து படும், காதில் வர்ணனை கேட்கும், இரண்டும் ஒன்றாகவே இருக்கும். டிஜிட்டல் ரேடியோவில் சுருக்கவும் விரிக்கவும் நேரம் பிடிப்பதால் குரல் சில விநாடி பின்தங்கும். பவுண்டரி போய், கூட்டம் கத்தி உட்கார்ந்த பிறகு, "பந்து வீச ஓடி வருகிறார்" என்று காதில் கேட்கும். மணி காட்டும் பிப் பிப் ஒலிக்கும் இதே கதிதான். லண்டன் பி.பி.சி.யின் புகழ்பெற்ற ஆறு பிப் ஒலியை டிஜிட்டல் செட்டில் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தினால் தப்பாகத்தான் இருக்கும். அதிலும் செட்டுக்கு செட் வேறுபடும். ஒரு வீட்டில் இரண்டு செட் வைத்தால் கூடத்து ரேடியோ சொன்னதைச் சமையலறை ரேடியோ திருப்பிச் சொல்லும், மாமியார் மருமகள் மாதிரி. (சிரிப்பு)

இப்போது நார்வே கதைக்கு வருகிறேன். உலகத்திலேயே முதன்முதலில் தேசிய எஃப்.எம். ஒலிபரப்பை நிறுத்தின நாடு அது. 2017 ஜனவரி 11-ஆம் தேதி வடக்கே நோர்ட்லாண்ட் மாவட்டத்தில் ஆரம்பித்து, மாவட்டம் மாவட்டமாக அணைத்துக்கொண்டே வந்து, அந்த வருஷம் டிசம்பர் 13-ஆம் தேதி முடித்தார்கள். திடீரென்று செய்த காரியம் இல்லை. 1995-லேயே டேப் என்னும் டிஜிட்டல் ஒலிபரப்பை அங்கே தொடங்கிவிட்டார்கள். நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது 2011-இல். எஃப்.எம்.மில் நாடு முழுக்க 5 நிலையங்கள்தான், டேப்பில் 20-க்கும் மேல். மலையும் பள்ளத்தாக்கும் நிறைந்த ஊரில் எஃப்.எம். கோபுரங்களைப் பராமரிக்கும் செலவு மிச்சம் என்றார்கள். கணக்கு சரிதான்.

ஆனால் அந்தக் கணக்கில் கேட்பவன் செலவு இல்லை. நிறுத்துவதற்குச் சற்று முன்னால் ஒரு பத்திரிகை எடுத்த கருத்துக் கணிப்பில் 66 சதவீதம் பேர் எதிர்த்தார்கள், ஆதரித்தவர்கள் 17 சதவீதம். அப்போது அந்த நாட்டுச் சாலைகளில் சுமார் 20 லட்சம் கார்களில் டிஜிட்டல் ரேடியோ கிடையாது. நாட்டின் ஜனத்தொகையே ஐம்பத்து சொச்சம் லட்சந்தான். பனிக்காலத்தில் சாலை மூடிய செய்தி, எச்சரிக்கைச் செய்தி எல்லாம் காரில் ரேடியோவில்தானே கேட்பார்கள்? அடாப்டர் வாங்கி மாட்டுங்கள் என்றார்கள். ஒலிபரப்புகிறவனுக்கு மிச்சமான காசு கேட்கிறவன் சட்டைப்பையிலிருந்து போயிற்று. நிறுத்திய பிறகு தேசிய ஒலிபரப்பு நிறுவனத்தின் நேயர் எண்ணிக்கை குறைந்தது. சின்னச் சின்ன உள்ளூர் நிலையங்கள் பல எஃப்.எம்.மிலேயே தங்கிவிட்டன.

பக்கத்து நாடான சுவீடன் இதைவிட ஜாக்கிரதை. 2022-இல் எஃப்.எம்.மை நிறுத்துவதாக இருந்த திட்டத்தை 2015-லேயே கைவிட்டுவிட்டது. சுவிட்சர்லாந்து பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் 31-ஆம் தேதி எஃப்.எம்.மை நிறுத்தியது. நேயர்கள் குறைந்தார்கள். எஃப்.எம். வேண்டும் என்ற குரல் அந்த நாட்டு நாடாளுமன்றம் வரை போயிற்று.

சரி, செலவு செய்து டிஜிட்டல் செட்டே வாங்கிவிட்டோம், அதோடு முடிந்ததா? முடியவில்லை. டென்மார்க்கில் பழைய டேப் முறையை நம்பி செட் வாங்கியவர்கள் நிறைய. சுருக்கும் முறை முன்னேறி டேப் பிளஸ் என்று ஒன்று வந்தது. 2017 அக்டோபர் 1-ஆம் தேதி அந்த நாடு டேப் பிளஸ்ஸுக்கு மாறியது. பழைய டிஜிட்டல் செட்டெல்லாம் அன்றைக்கே வேலைக்காகாமல் போயின. மீடியம் வேவில் அந்த மாதிரி ஒரு நாள் வந்ததே இல்லை. 1950-இல் வாங்கின வால்வு செட்டில் 2000-இல் ஒலிபரப்பான மீடியம் வேவ் நிகழ்ச்சியைக் கேட்கலாம், நான் கேட்க வைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனியும் அனுமதி தரவேண்டியதில்லை.

நம் நாட்டிலும் இதை ஒரு முறை பார்த்தோம். வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற செயற்கைக்கோள் வானொலி ஞாபகம் இருக்கிறதா? ஏ.ஆர். ரஹ்மான் விளம்பரத் தூதராக இருந்தார். சந்தா கட்ட வேண்டும். தமிழுக்கும் தனி நிலையம் உண்டு. ஒலி அருமையாக இருந்தது, அதை மறுக்க முடியாது. தாய்க் கம்பெனி 2008-இல் அமெரிக்காவில் திவால் மனு போட்டது. 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்தியாவில் ஒலிபரப்பு நின்றது. செட்டில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் வேறு எதையும் பிடிக்கத் தெரியாத செட். அது கேட்கப் பிறந்த ஒரே குரல் நின்றுபோயிற்று. சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு நான் எதைச் சரிசெய்ய?

நம் அகில இந்திய வானொலி எடுத்துக்கொண்டது டி.ஆர்.எம். என்னும் முறை. மீடியம் வேவுக்கும் ஷார்ட் வேவுக்கும் பொருத்தமானது. நாடு முழுக்கச் சுமார் 35 மீடியம் வேவ் ஒலிபரப்பிகளை டி.ஆர்.எம். அனுப்பக்கூடியதாகப் புதிதாக வைத்தார்கள். நல்ல முயற்சி என்றே சொல்வேன். ஆனால் பந்தல் போட்டாயிற்று, மேளமும் வந்தாயிற்று, பந்தியில் உட்காரத்தான் ஆள் இல்லை. ரேடியோ செட் கடையில் இல்லை, இருந்தாலும் விலை. சில கார் கம்பெனிகள் மட்டும் டி.ஆர்.எம். ரேடியோ பொருத்திய வண்டி தருகின்றன. கார் வைத்திருப்பவருக்கு ஆயிரம் வழி உண்டு, அவர் கையில் போனே இருக்கிறது. மீடியம் வேவை நம்பி இருப்பவர் யார்? மாடு மேய்க்கிறவர், உப்பளத்தில் நிற்கிறவர், கட்டுமரத்தில் போகிறவர், என் அம்மா.

என் கடைக்கு வந்ததில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். உப்புக் காற்றில் ஸ்விட்ச் பச்சை பூத்துப் போகும், துடைத்துக் கொடுப்பேன். உப்புத்தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் மீடியம் வேவின் தரை அலை நிலத்தைவிடக் கடல்மேல் நெடுந்தூரம் போகும். இது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. கரையிலிருந்து செல்போன் சிக்னல் விட்டுப்போன பிறகும் இரண்டு பென்சில் கட்டையில் வாரக்கணக்கில் பாடும் ஒரு பாக்கெட் ரேடியோவில் வானிலை அறிக்கை கேட்கும். 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் சேதி எட்டவில்லை என்ற துயரத்தை நாம் எல்லோரும் பேப்பரில் படித்தோம். அவ்வளவு தூரம் ரேடியோ மட்டும் எட்டியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கைக்கு எட்டும் மலிவான கருவி எதுவோ அதைக் கடைசியாக அணையுங்கள் என்றுதான் சொல்கிறேன். டி.ஆர்.எம்.மில் ஆபத்துக் காலத்தில் செட்டைத் தானே எழுப்பும் எச்சரிக்கை வசதி இருக்கிறது, பிரமாதமான வசதி. செட் கையில் இருந்தால்தானே எழுப்ப முடியும்? நாட்டின் பல இடங்களில் பழைய மீடியம் வேவ் ஒலிபரப்பிகள் ஏற்கெனவே மூடப்பட்டுவிட்டன என்பதையும் கவனிக்க வேண்டும்.

எஃப்.எம். பக்கமும் காற்று மாறுகிறது. இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977-இல் நம் சென்னையில்தான் தொடங்கியது. 2025 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தனியார் வானொலிக்கு டிஜிட்டல் கொள்கை ஒன்றைப் பரிந்துரைத்தது. சென்னை, தில்லி, மும்பை, கொல்கத்தா உள்ளிட்ட 13 பெரிய நகரங்களில் முதலில் தொடங்க வேண்டும், அனலாக்கும் டிஜிட்டலும் சேர்ந்தே ஓட வேண்டும் என்பது பரிந்துரை. சேர்ந்தே ஓடட்டும், அதுதான் எனக்கும் பிடித்தது. எத்தனை காலம் சேர்ந்து ஓடும் என்பதுதான் என் கேள்வி.

கல்லூரி மேடையில் நின்று சமுதாய வானொலியைப் பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு. 2004 பிப்ரவரி 1-ஆம் தேதி அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது, நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி. பாம்பனில் 'கடல் ஓசை' மீனவர்களுக்காகவே 2016 முதல் ஒலிக்கிறது. ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர், ஒரு கம்பம், இரண்டு மைக், நாலு பிள்ளைகள் இருந்தால் ஒரு ஸ்டேஷன். ஐரோப்பாவின் டேப் முறையில் பத்துப் பன்னிரண்டு நிலையங்கள் ஒரே ஒலிபரப்பியில் கூட்டுக் குடித்தனம். அந்த ஒலிபரப்பி வைத்திருக்கிறவர் வீட்டுக்காரர், நிலையங்களெல்லாம் வாடகைக்கு இருப்பவர்கள். பெரிய கம்பெனி வாடகை கட்டும். கடல் ஓசை மாதிரி ஒன்று எங்கே போகும்? அந்த ஒரு ஒலிபரப்பி பழுதானால் பன்னிரண்டும் சேர்ந்தே வாயை மூடும் என்பது வேறு.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். கடைசி வருஷம் புராஜெக்ட் என்று ரெடிமேடாக வாங்கி வைப்பதாகக் கேள்விப்பட்டேன். (சிரிப்பு) வேண்டாம். பென்சில் கட்டையில் ஓடுகிற, திரையே இல்லாத, குமிழைத் தடவினாலே நிலையம் தெரிகிற மலிவான டி.ஆர்.எம். செட் ஒன்று செய்ய முடியுமா என்று பாருங்கள். எலெக்ட்ரானிக்ஸ் துறையும் கம்ப்யூட்டர் துறையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. கடையில் என்னிடம் உள்ள டிஜிட்டல் செட்டைப் பிரித்துப் பார்க்கத் தருகிறேன், திரும்பக் கொடுக்க வேண்டாம். அது உருப்பட்டால் முதல் செட்டுக்கு நான் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன், வீட்டில் சோதித்துச் சொல்ல ஆள் இருக்காங்க.

மணியைப் பார்க்கிறேன், செயலாளரும் என்னைப் பார்க்கிறார். கடைசியாக ஒரு சேதி. 1974-இல் செய்த அந்தக் கிரிஸ்டல் செட்டைத் தேடி எடுத்து வந்திருக்கிறேன். காயில் கம்பி கறுத்திருக்கிறது, டயோடு பழைய டயோடேதான். சாப்பாடு முடிந்ததும் இயற்பியல் ஆய்வகத்துக்கு வாங்க. ஹெட்போன் ஒன்றுதான், வரிசையில் நிற்க வேண்டும். தண்ணீர்க் குழாயெல்லாம் இப்போது பிளாஸ்டிக் ஆகிவிட்டதாம், எர்த்துக்கு ஒரு இரும்புக் கம்பியைத் தரையில் அடிக்கணும். மாடியில் ஏரியல் கட்ட, உயரத்துக்குப் பயப்படாத பையன்கள் இரண்டு பேர் என்னோடு வாங்கப்பா.